கதவின் கீழே இருவர்

நட்ட நடு வீதியில் ஒரு கதவில் போய் முட்டிக்கொண்டு விழ யாராலாவது முடியுமா? உடுவில் வினிபிரட்டால் முடியும்!

மருதனார்மடத்திலிருந்து உள்ளே திரும்புகிற அந்த வளைவில்தான் நடந்தது. ஐப்பசி மேகம் தலைக்கு மேலே கறுத்துக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த சித்திர ரீச்சர் வினிபிரட், அந்தக் கறுப்பில் நீலம் எவ்வளவு, மண்ணிறம் எவ்வளவு என்று அண்ணாந்து பார்த்தபடியே சைக்கிளை மிதித்தாள். பிறேக்கைப் பிடிக்கும்போது பிந்திவிட்டது. டமார்...!

எழும்பிப் பார்த்தால் எதிரே இன்னொரு சைக்கிள். அதன் பக்கவாட்டில், பழைய சைக்கிள் ரியூப்பால் வரிந்து கட்டிய ஒரு முழுக் கதவு. பச்சை பூசி, இரும்பு வளையம் தொங்குகிற, ஒரு வீட்டின் வாசல் கதவு. அதற்குப் பின்னாலிருந்து ஒரு தலை மெதுவாக எட்டிப் பார்த்தது.

"ஆரது... கதவைத் தட்டினது?"

முழங்கை எரிந்தது. அதைவிட அந்தக் கேள்வி எரிந்தது.

"றோட்டுக்குக் குறுக்கை கதவைக் கொண்டு போறது நீங்கள். பகிடியும் நீங்களே விடுறியள்!"

"நான் குறுக்கை போகேல்லை. நேராத்தான் வந்தனான். நீங்கள்தான் வானத்தைப் பாத்துக்கொண்டு வந்தனீங்கள். குண்டு போடுற பொம்மர் ஏதும் வருதோ எண்டு நானும் பாத்தன்... ஒண்டையும் காணேல்லை."

பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூறி, யோசித்து, பிறகு பெய்கிற மழை இல்லை. குடத்தோடு கவிழ்த்த மழை. பக்கத்து வீட்டுப் படலையில் பூட்டு. ஒதுங்க ஒரு கடை கூட இல்லை.

அவன் பரபரவென்று ரியூப்பை அவிழ்த்தான். கதவைத் தூக்கி ஒரு விளிம்பை மதிலின் தலையில் வைத்தான். மறு விளிம்பை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஏதோ தன் சொந்த வீட்டு வாசலில் நின்று விருந்தாளியை அழைப்பதுபோல அழைத்தான்.

"உள்ளை வாங்கோ... நனையிறியள்."

அவள் போனாள். வேறென்ன செய்வது?

கதவுக்குக் கீழே ஒரு துண்டு நிலம் மட்டும் நனையாமல் கிடந்தது. சுற்றிவரத் தண்ணீர்ச் சுவர். அவன் பெயர் சீவரத்தினம், ஊர் கட்டுவன் என்பதெல்லாம் அந்தத் துண்டு நிலத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. இராணுவ முகாமுக்குக் கிட்டிய ஊர். சனம் எழும்பி வந்து ஒரு வருசத்துக்கு மேலாகிறது. இன்று அங்கே குண்டுச் சத்தம் இல்லை என்று கேள்விப்பட்டு, ஒளித்து மறைந்து போய்க் கதவைக் கழற்றி வந்திருக்கிறான்.

"கதவை மட்டுமோ?"

"கூரை போயிட்டுது. சுவரும் பாதி இல்லை. கதவு மட்டும் பூட்டினபடி நிண்டுது... பூட்டுத் திறப்பு என்ரை மடிக்கை. திறந்துதான் கழட்டினனான். உடைக்க மனம் வரேல்லை."

"இப்ப இதை என்ன செய்யப் போறியள்?"

"வைச்சிருக்கப் போறன். திரும்பிப் போகேக்கை பூட்ட வேணுமெல்லோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தக் கண்கள்... இமையில் மழைத்துளி தொங்க, அவை சிரிப்பில் சேராமல் தனியே நின்றன. வினிபிரட் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு பெண் ஒரு ஆணைப் பார்த்தாளா, ஒரு ஓவியக்காரி ஒரு படத்தைப் பார்த்தாளா என்று அந்த நேரத்தில் அவளைக் கேட்டிருந்தால் முழித்திருப்பாள்.

மழை விட்டது. விட்டிருக்க வேண்டாம்.

*

படம் என்பது கண்டதைக் கீறுவதில்லை. கண்டதில் எது படம் என்று தேடுவது. வினிபிரட் அன்று பின்னேரமே பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் தேடத் தொடங்கினாள். புதுத்தாள் வாங்க எங்கே போவது? அரசாங்கம் தடை போட்ட சாமான்களோடு சேர்ந்து சும்மா சாமான்களும் யாழ்ப்பாணத்துக்கு வர மறுத்த காலம்.

முதலில் கதவை நிமிர்த்திக் கீறினாள். பார்த்தால் சீவரத்தினம் புதுவீடு கட்டுகிறவனைப்போல இருந்தான். கிழித்தாள். தூரத்திலிருந்து கீறினாள். மழைதான் பெரிதாகத் தெரிந்தது. அதையும் கிழித்தாள். கதவைப் படுக்க வைத்துத் தலைக்கு மேலே கொண்டுவந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ சரியாக வந்து பொருந்தியது. வீடு இல்லை, சுவர் இல்லை... ஆனால் கதவுக்குக் கீழே நனையாத ஒரு துண்டு நிலம். அதில் இரண்டு பேர். இதுதான் படம்!

ஆனால் கைகள் வரவில்லை. பாரத்தைத் தாங்கி உயர்ந்து நின்ற அந்தக் கைகளை எத்தனை முறை கீறினாலும், மாம்பழம் பறிக்கிற கைகளாகத்தான் வந்து தொலைத்தன.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு காணி வளவில் கொட்டில் போட்டுத் தாயோடு இருப்பதாகச் சொல்லியிருந்தான். தேடிப் போனாள். குத்தகைத் தோட்டத்து வெங்காயத்தைச் சந்தையில் பரப்பிவிட்டுக் குந்தியிருந்தவன் அவளைக் கண்டதும் எழும்பிவிட்டான்.

"ரீச்சர்! முழங்கை மாறிட்டுதோ?"

"மாறிட்டுது. எனக்கு இப்ப உங்கடை கைதான் வேணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டு நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள். வினிபிரட்டின் முகம் சிவந்து போனது.

"கீற... படம் கீறத்தான்!"

"கை பிடிக்க ஒரு ஆள் வரும் எண்டு அம்மா சொல்லுறவ," என்றான் அவன், சிரிப்பை அடக்க முடியாமல். "கை கீறவும் ஆள் வருமெண்டு அவவுக்கும் தெரியாது."

சனிக்கிழமைகளில் அவன் கதவையும் கட்டிக்கொண்டு உடுவிலுக்கு வரத் தொடங்கினான். வீட்டோடு ஒட்டிய கார்க் கொட்டில்தான் அவளுடைய ஓவியக்கூடம். பெற்றோல் இல்லாமல் படுத்துவிட்ட அப்பாவின் ஒஸ்ரின் காரின் கூரையில் கதவின் ஒரு விளிம்பைத் தாங்க வைத்து, மறு விளிம்பை அவன் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் கீறுவாள். கை நோகிறதா என்று கேட்டால் இல்லை என்பான். அவள் பார்க்காத நேரம் பார்த்து உதறிக்கொள்வான். அதையும் அவள் பார்த்தாள்... சொல்லவில்லை.

படத்தைக் கண்காட்சிக்கு வைக்க நினைத்திருந்தாள், ஆனால் கன்வஸ் என்று ஒன்று கடைகளில் கிடையாது. நிவாரண மா வந்த துணிச் சாக்குகளை அவன்தான் கொண்டுவந்தான். அவனுடைய தாய் தோய்த்து, வெயிலில் போட்டு, மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். எவ்வளவு தோய்த்தும் 'அன்பளிப்பு' என்று அச்சடித்த எழுத்து முழுதாகப் போகவில்லை. எழுத்தை உள்பக்கமாகப் போட்டுச் சாக்குகளை ஒன்றாய்ப் பொருத்தித் தைத்து, பழைய யன்னல் சட்டங்களில் ஒரு கட்டில் அகலத்துக்கு இழுத்து அடித்தார்கள். கஞ்சியும் வச்சிரப் பசையும் வெண்கட்டித் தூளும் குழைத்துப் பூசிக் காயவிட்டாள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற லின்சீட் எண்ணெய் ஒரு போத்தல் எங்கோ கிடைத்தது. கதவின் அடிவிளிம்பில் கட்டுவன் செம்மண் அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டி அரைத்து அந்த எண்ணெயில் குழைத்தாள். கடையில் வாங்க முடியாத ஒரு சிவப்பு வந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கடை வளவு மண்..." என்றான்.

மற்ற நிறங்களுக்குத் தொண்டைமானாற்றுக்குப் போனார்கள். கடலுக்கு இறங்கத் தடை. கரையில் கவிழ்ந்து கிடந்த வள்ளங்களுக்குப் பூச வைத்திருந்த பெயின்ற், வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டி தம்பிஐயாவிடம் மிஞ்சிக் கிடந்தது. நீலம், கறுப்பு, மஞ்சள், ஒரு பேணியில் அடிவண்டலாய்க் கொஞ்சம் வெள்ளை. "வள்ளம்தான் ஓடேல்லை, படமாவது ஓடட்டும்," என்று அந்த மனிதன் தூக்கிக் கொடுத்தான்.

வரும் வழியில் சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனான் சீவரத்தினம். கிறிஸ்தவ வேதக்காரப் பெண் வெளியே மரத்தடியில் நின்றாள். கடல்நீரேரிக் காற்று அவளுடைய தலைமயிரைக் குலைத்துப் போட்டது. நெற்றி நிறைய நீறோடு திரும்பி வந்தவன், ஒரு கையை மடக்கியபடி தயங்கினான். பிறகு மற்றக் கையை நீட்டினான். கச்சான் கடலைச் சுருள்.

"திருநீறும் கொண்டந்தனான். பூசலாமோ, கூடாதோ தெரியேல்லை. கச்சான் எண்டால் எல்லாச் சமயத்துக்கும் பொதுவெல்லோ."

அவள் சிரித்துச் சிரித்துக் கச்சான் கோதெல்லாம் மடியில் கொட்டிக்கொண்டாள். அந்த மூடிய கையை விரிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த எண்ணம் கூடவே வந்தது.

பூவரசங் கரியால் கன்வஸில் கீறி முடித்த அன்றுதான் அவன் முழுப் படத்தையும் முதல்முதலாகப் பார்த்தான். கதவு. கீழே அவன். அவனுக்குப் பக்கத்தில், ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, அவனையே பார்த்துக்கொண்டு ஒருத்தி. யாரென்று கேட்கத் தேவையில்லை.

பகிடிக்காரன் பகிடியை மறந்துவிட்டான்.

"ரீச்சர்... உந்தப் படத்தை அழிச்சுப்போடாதேங்கோ."

"அழிக்கமாட்டன்."

"உண்மையா?"

"உண்மையா."

"கண்காட்சிக்கு வருவன். அண்டைக்கு உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும். இந்தப் படத்துக்கு முன்னாலை நிண்டுதான் சொல்லுவன்."

என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'என்ன?' என்று கேட்டாள். அவன் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அன்று இரண்டாம் முறை சாப்பிடக் கூப்பிட்டபோதும் அவளுக்குக் காது கேட்கவில்லை.

*

அப்பா கிருபைரட்ணம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கோபத்திலும் குரலை உயர்த்தாதவர். தாயில்லாத பிள்ளை என்று வினிபிரட்டை ஒரு சொல் சொல்லாமல் வளர்த்தவர். இவ்வளவு நாளும், சீவரத்தினம் கூலிக்கு வந்து நிற்கிற பெடியன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு முதல் கிழமை, கிட்டத்தட்ட முடிந்துவிட்ட படத்துக்கு முன்னால் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்ல வேலை, வினி. ஆனால் உதிலை நீ ஏன் நிக்கிறாய்?"

"அண்டைக்கு நிண்டனான், அப்பா."

"மழைக்கு ஒதுங்கிறது வேறை. அதைக் கீறிச் சனத்துக்கு முன்னாலை தூக்கிறது வேறை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது? ஆர் எவர் எண்டு தெரியாது. சமயம் வேறை. கொட்டிலிலை இருக்கிற ஒரு பெடியன்..."

"அவர் நல்லவர், அப்பா."

"நல்லவை எல்லாருக்கும் பொம்பிளை குடுக்க ஏலுமே?"

அவர் போகிற போக்கில் நின்று, பாடம் சொல்லிக் கொடுக்கிற குரலில் இன்னொன்றும் சொன்னார்.

"படமாப் பாத்தாலும் சொல்லுறன். தனிய நிண்டால்தான் அவன்ரை துயரம் தெரியும். நீ அதிலை ஒரு இடைஞ்சல்."

முதலில் சொன்னதற்கு எதிராக அவள் சண்டை பிடித்திருப்பாள். பிந்திச் சொன்னதுதான் ஊசிபோல உள்ளே போய்விட்டது. மூன்று நாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனியே நின்றால் படம் பலமாக இருக்குமோ? இருக்கும்தான். வலப்பக்கம் வெறும் மழையாக விட்டால் கண் நேரே அவனிடம் போகும்... கோயிலில் யாரும் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள். கோழைத்தனத்துக்குக் கலை என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்!

வெள்ளைப் பெயின்ற் எப்போதோ முடிந்துவிட்டது. சுண்ணாம்பைக் கரைத்தாள். உடுப்புக்குப் போடுகிற நீலத்தில் ஒரு சிட்டிகையும், கஞ்சியும் சேர்த்தாள். சாம்பல் நிறத்தில் நல்ல மழை வந்தது. கண்ணை மூடிக்கொள்ளாத குறையாய், தன் காலிலிருந்து தொடங்கி மேலே பூசிக்கொண்டு போனாள். பிழியும் கைகள் மறைந்தன. தோள் மறைந்தது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்துக்கு வந்தபோது தூரிகை ஒருதரம் நின்றது. பிறகு அதையும் பூசினாள்.

எண்ணெய்ப் பெயின்றுக்கு மேலே சுண்ணாம்பு பிடிக்காது, ஈரம் பட்டால் கழன்று போகும். இதை அவளே பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். கண்காட்சி முடியும்வரை நின்றால் போதும் என்று நினைத்தாளா... என்றைக்காவது கழுவிவிடலாம் என்று நினைத்தாளா? அவளுக்கே தெரியாது.

சட்டத்தின் கீழே 'கதவின் கீழே இருவர்' என்று எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டு, 'கதவுடன் ஒருவர்' என்று எழுதி ஒட்டினாள்.

*

திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிட்டிய ஒரு மண்டபத்தில் கண்காட்சி. பேராசிரியர்கள் வந்தார்கள். மாணவர்கள் வந்தார்கள். அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம்.

"என்ன மாதிரித் துயரம் பாருங்கோ!"

"பாவம் அந்த மனிசன்... அகதி வாழ்க்கை."

சீவரத்தினம் பின்னேரம் வந்தான். தோய்த்து மடித்த வெள்ளைச் சேர்ட், வேட்டி, வாரி விட்ட தலை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தான். யாரோ ஒருவர் அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது நீரோ?" என்று இரக்கத்தோடு கேட்டார். சனம் கலையும்வரை அவன் அப்படியே நின்றான்.

வினிபிரட் கிட்டப் போனாள்.

"நாங்கள் ரெண்டு பேரெல்லோ நிண்டம், ரீச்சர்?"

"ஓம்... படத்துக்கு... தனிய நிண்டால்தான் பலமாயிருக்கும் எண்டு..."

"படத்துக்கோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கட்டுவனிலை எங்களுக்குத் தோட்டம் இருந்தது. வீடு இருந்தது. ஒருத்தரும் எங்களைப் பாவம் எண்டு சொன்னதில்லை," என்றான். அவனுடைய குரலில் சண்டை இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "அண்டைக்கு மழைக்கை நிக்கேக்கையும் நான் பாவம் இல்லை. பக்கத்திலை நீங்கள் நிண்டனீங்கள். இப்ப என்னைத் தனிய மழைக்கை விட்டுப்போட்டு, நீங்கள் இந்தச் சனத்தோடை வெளியிலை நிண்டு பாக்கிறியள்."

"ஏதோ... சொல்ல வேணும் எண்டு சொன்னனீங்கள்..."

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் உதிலை இல்லையே. ஆரிட்டைச் சொல்லுறது?"

போய்விட்டான். வெள்ளைச் சேர்ட் வாசல் வெளிச்சத்தில் ஒருதரம் தெரிந்து மறைந்தது. கூப்பிட்டிருக்கலாம். மண்டபம் நிறையத் தெரிந்த முகங்கள். அப்பாவும் நின்றார். நாக்கு எழவில்லை.

அடுத்த கிழமை அவனைத் தேடிப் புறப்பட்டாள். சந்தை மூலை வரை போய்ச் சைக்கிளைத் திருப்பிவிட்டாள். அவன் வந்து ஒரு சொல் கேட்கட்டும் என்று ஒரு வீம்பு. தனக்குத்தான் கேட்க வேண்டிய சொல் இருக்கிறது என்று உள்ளுக்குள் தெரிந்தபடியே ஒரு வீம்பு. தெரிந்த பிழையைத் திருத்த எழும்பாத கால் இருக்கிறதே... அதைப்போல ஒரு பாவம் வேறில்லை.

மாம்பழக் காலம் வந்து போனது. அடுத்த மாம்பழக் காலமும் வந்தது. சந்தையில் மரக்கறிக்காரி மார்கிரட்தான், காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்கடை படத்துக்கு நிண்ட பெடியனெல்லே... கலியாணம் முடிச்சிட்டான். அருந்ததி எண்டு, ஏழாலைப் பெட்டை. நல்ல பிள்ளை."

"அப்படியோ? நல்லது," என்றாள் வினிபிரட். கத்தரிக்காயை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

படத்தை யாரும் வாங்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி அது கிடந்தது.

*

தொண்ணூற்றைந்து ஐப்பசியின் கடைசி. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனது. இராணுவம் கிட்ட வந்துவிட்டது, எல்லாரும் உடனே ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும். வலிகாமப் பகுதி முழுவதும்.

எதை எடுப்பது? அப்பாவின் மருந்து, வேதப்புத்தகம், அரிசி, இரண்டு உடுப்பு. வானம் இருண்டுகொண்டு வந்தது. மழைக்குப் பிடிக்க வீட்டில் ஒன்றுமில்லை. வினிபிரட்டின் கண் அலுமாரிக்குப் பின்னால் போனது. நல்ல தடித்த துணி... வள்ளத்துப் பெயின்ற் பூசியது... தண்ணீர் உள்ளே போகாது. சட்டத்திலிருந்து ஆணிகளைப் பிடுங்கி, படத்தைச் சுருட்டி, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினாள். கதவைப் பூட்டித் திறப்பை மடிக்குள் செருகியபோது கை அப்படியே நின்றுவிட்டது. திறப்பு மடியில் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

விடிந்தபோது நாவற்குழிப் பாலத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இருபக்கமும் வெளி, உப்புத் தண்ணீர். நடுவில் ஒற்றை வீதி. அதில் குடாநாடே நெருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. மாடுகள், வண்டில்கள், கதிரையில் வைத்துத் தூக்கி வந்த நோயாளிகள். நகரவும் முடியாது, இருக்கவும் முடியாது. அப்போதுதான் மழை கவிழ்ந்தது.

அப்பா வீதியோரச் சேற்றில் குந்திவிட்டார். உதடு நடுங்கியது. வினிபிரட் படத்தை உதறி விரித்தாள். பெயின்ற் பூசிய பக்கம் மேலே. ஒரு பக்கத்து மூலைகளைச் சைக்கிள் ஹான்டிலிலும், சரிந்து நின்ற ஒரு தந்திக்கம்பத்திலும் கட்டினாள். மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஒரு ஆளின் கை போதாது. காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

யாரோ மற்ற மூலையைப் பிடித்தார்கள். இரண்டு கையாலும், உயர்த்தி.

அந்தக் கைகளை அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எத்தனை தாளில் கீறிக் கிழித்த கைகள்!

"பிடிச்சுக்கொள்ளுங்கோ, ரீச்சர். அருந்ததி, பிள்ளையைக் கொண்டு உள்ளை போ."

ஒரு மெலிந்த பெண், நெஞ்சோடு அணைத்த குழந்தையுடன் குனிந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். சீவரத்தினம் கறுத்துப் போயிருந்தான். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. அவனுடைய சைக்கிளில் ஒரு பானையும் ஒரு மூட்டையும் மட்டும் தொங்கின.

"கதவு எங்கை?" என்றாள். எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. இதுதான் வந்தது.

"விட்டிட்டு வந்தனான். பிள்ளையை ஏத்துறதோ, கதவை ஏத்துறதோ..." என்றான். பிறகு, "பூட்டுறதுக்கு இனி ஒண்டும் இல்லை, ரீச்சர்," என்றான்.

கீழே இருந்தவர்களின் தலைக்கு மேலே 'அன்பளிப்பு' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. நடுவில் தண்ணீர் தேங்கித் துணி தாழ்ந்துகொண்டு வந்தது. விளிம்பால் வழிந்த தண்ணீர் அருந்ததியின் தோளில் சொட்டியது.

"இஞ்சை பாருங்கோ... பால் மாதிரி வருது," என்றாள் அவள், கையில் ஏந்திப் பார்த்து. "மழைத்தண்ணி ஏன் வெள்ளையா வருது?"

வினிபிரட்டுக்கு விளங்கிவிட்டது. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சீவரத்தினம் தேங்கிய தண்ணீரை ஊற்றத் துணியைச் சரித்தான். வெள்ளைத் தண்ணீர் ஒரு வாளியளவு வழிந்து சேற்றில் கலந்தது. படம் அவர்களுடைய பக்கமாகத் திரும்பியது.

கதவு. கீழே அவன். அவனுக்குப் பக்கத்தில், ஈரத் தலைப்பைப் பிழிந்தபடி, அவனையே பார்த்துக்கொண்டு...

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க உலர்ந்த துணி ஒன்றும் இல்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டார்.

"உது நீங்களெல்லோ?" என்று அருந்ததி கணவனைக் கேட்டாள். முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். "பக்கத்திலை நிக்கிறது ஆர்?"

மண்டபத்தில் எழாத வினிபிரட்டின் நாக்கு, இன்றைக்கு, ஊரே கேட்டுக்கொண்டு நிற்கிற இந்த வீதியில் எழுந்தது.

"நான்தான், தங்கச்சி. முதல் நானும் நிண்டனான். பேந்து என்னை நானே சுண்ணாம்பாலை மறைச்சுப்போட்டன்."

"ஏன், அக்கா?"

"வெக்கமாயிருந்தது."

"இவரோடை நிக்கவோ?"

"நிக்க இல்லை... நிக்க எனக்கு எவ்வளவு விருப்பம் எண்டு சனம் அறிஞ்சுபோடும். அதுதான்."

சொல்லிவிட்டாள். நாலு வருசம் தொண்டைக்குள் கிடந்தது, சொன்ன பிறகு நாலு சொல்லாகத்தான் இருந்தது. ஒரு கதவுக்குக் கீழே அவனோடு நின்றேன் என்று சொல்ல, இவ்வளவு சனமும் வீடிழந்து வீதிக்கு வர வேண்டியிருந்தது அவளுக்கு.

சீவரத்தினம் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்கவில்லை. இமையில் துளி தொங்கியது... மழையா என்று அவள் ஆராயவில்லை. ஆராய அவளுக்கு உரிமை இல்லை.

"அழிக்கமாட்டன் எண்டு சொன்னனீங்கள்," என்றான் மெதுவாக. "அழிக்கேல்லைத்தான்."

அருந்ததி கணவனைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். விளங்க வேண்டியது விளங்கிய முகம் கொஞ்ச நேரம் இறுகிக் கிடந்தது. மடியில் குழந்தை சிணுங்கியது.

காற்று மறுபடி எழும்பியது. சரம்சரமாக இறங்கிய மழையில் குழந்தை வீரிட்டது. இருவரும் அவசரமாகத் துணியைத் தூக்கினார்கள். படத்திலிருந்த இரண்டு பேரும் மழையைப் பார்த்து மேலே போனார்கள். வினிபிரட் தன் மூலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். தலையிலும் தோளிலும் தண்ணீர் ஓடியது.

அருந்ததி குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். சற்று ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.

"உள்ளை வாங்கோ, அக்கா... நனையிறியள்."

அதே சொல். அந்த வீட்டில் எல்லாரும் இப்படித்தான் அழைப்பார்கள்போல.

வினிபிரட் அந்த இடத்தைப் பார்த்தாள். நனையாத ஒரு துண்டு நிலம். ஒரு ஆளுக்கு அளவான இடம். ஒருகாலத்தில் அவளுடையது.

"இல்லை, தங்கச்சி," என்றாள். "மூலையைப் பிடிக்க வெளியிலை ஒரு ஆள் வேணும். நான் நிக்கிறன்."